நீல விளிம்புக் கிண்ணம்

"பாத்து எடுங்க ஐயரம்மா. ஒண்ணு ஒடஞ்சா ஒரு ஆத்துமாவுக்குக் கிண்ணம் இல்லாம பூடும்" என்று சொல்லிவிட்டுத் திருவேங்கட முதலியார் தாமே சிரித்துக்கொண்டார்.

ராணி சிரிக்கவில்லை. கூடத்தின் நடுவில் மரப்பெட்டி திறந்து கிடந்தது. வைக்கோலுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, தரையில் விரித்திருந்த துணிமேல் அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் பருமன் கண்ணாடிக் கிண்ணங்கள். விளிம்பில் மெல்லிய நீலக் கோடு. பட்டணத்திலிருந்து பஸ்ஸின் தலைமேல் ஏறிப் பூந்தமல்லி வரைக்கும் வந்தும் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. இருபத்துநாலு எடுத்த பிறகு அடியிலிருந்த வரிசை கையில் பட்டது. அவற்றில் நீலக் கோடு இல்லை.

"இது வேற தினுசா இருக்குதே?"

"ஒரே மாதிரி நாப்பத்தெட்டு இல்லன்னுட்டான் கடக்காரன்" என்றார் முதலியார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி. பொய் சொல்லும்போது அவர் கண்கள் எதையாவது படிக்கப் போய்விடும். பன்னிரண்டு வருஷமாக ராணி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ராணியின் கணவர் தேவராஜ் ஐயர் ஊரின் கிறிஸ்தவக் கோயிலில் போதகர்; போதகரை ஐயர் என்பது அந்தச் சபையின் வழக்கம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தம் வீட்டில் தாமே விருந்தாளிபோல நின்றார்.

முதலியாருக்கு இரண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஜான். தெருவில் திருவேங்கட முதலியார். அவருடைய பாட்டனார் ஞானஸ்நானம் பெற்றபோது குடுமியை விட்டார், விபூதியை விட்டார். முதலியாரை மட்டும் விடவில்லை. பேரர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே திருவிருந்து. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபின், உலர்ந்த திராட்சையைக் காய்ச்சிப் பிழிந்த ரசத்தை ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் ஊற்றி, ஒவ்வொருவர் உதட்டிலும் போதகர் வைப்பார். ஐம்பது வருஷமாக ஒரே பாத்திரம். அதில் முதலியார் ஒரு குறையும் கண்டதில்லை. அதில் வாய் வைத்தவர்கள் எல்லாரும் அவர் தெருக்காரர்கள். பாரிவாக்கத்துச் சேரியில் கிறிஸ்தவர்களான இருபது பேருக்கு அங்கேயே ஒரு கீற்றுக்கொட்டகையும் ஒரு பித்தளைத் தம்ளரும் இருந்தன. ஐப்பசிப் புயலில் கொட்டகை விழுந்தது. புதிதாகக் கட்டப் பணமில்லை, எல்லாரும் ஒரே கோயிலில் கூடுங்கள் என்று பட்டணத்து மிஷன் துரை எழுதினார். கடிதம் வந்த எட்டாம் நாள் முதலியாருக்குக் கிருமிகளைப் பற்றிய ஞானம் உதித்தது.

"ஒரே பாத்திரத்துல அம்பது வாய் வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? காசநோயி எப்டி பரவுதுன்னு நெனைக்கறீங்க? சீமைலயே இப்ப ஆளுக்கொரு கிண்ணம்தான். காலம் மாறுது ஐயரே. சபையும் மாறணும். புதுசா யோசிக்கணும்."

புதுசு. அந்த வார்த்தையை அவர் வாயில் ராணி இதுவரை வசையாகத்தான் கேட்டிருக்கிறாள். நடவுப் பெண்கள் தங்கள் நடவு மெட்டிலேயே துதிப் பாட்டைப் பாடட்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன் அவள் கேட்டபோது, "அதெல்லாம் புதுசு, வழக்கத்துல இல்ல" என்றவர் இவர். வேதபாடத்தை ஒரு பெண் எழுந்து வாசிக்கட்டும் என்றாள், அதுவும் புதுசு. சேரியின் புளியமரத்தடியில் அவள் உட்கார்ந்து பாடம் சொன்னதுகூடப் புதுசாகி, கமிட்டியில் இரண்டு மணி நேரம் அலசப்பட்டது. முதலியார் மாறாமல் நின்ற மனிதர். இன்று மாறியிருக்கிறார் என்றால், மாறாமல் இருப்பதற்கு ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம்.

புறப்படும்போது கக்கத்திலிருந்த பத்திரிகையைத் தட்டிக் காட்டினார். "பாத்தீங்களா? கோயிலுக்குள்ள தாழ்ந்த ஜாதிய உடறதுக்கு இந்துக்காரங்க எம்மாம் கலாட்டா பண்றாங்க. அஞ்ஞானம்! நம்ம கோயில் கதவு எல்லாருக்கும் தெறந்து கீது."

அவர் படியிறங்கும் வரை ராணி பொறுத்திருந்தாள்.

"ரெண்டு தினுசுன்னா ரெண்டு தட்டு. நீலக் கோடு யாருக்கு?"

"கமிட்டி தீர்மானம் ராணி."

"நான் யாருக்குன்னு கேட்டேன்."

தேவராஜ் ஐயர் ஒரு கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஒரே கூரைக்குக் கீழ வர்றாங்க இல்ல? அதுவே பெருசு. படிப்படியாத்தான் போகணும்."

அவருடைய படிகளை ராணி அறிவாள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மனிதர். அவர்மேல் எழுந்த இளப்பத்தை அவள் அடக்கிக்கொள்ளவில்லை. ஆனால் அது அவரோடு நிற்காமல் தன் பக்கமும் திரும்பியது. அவள் மட்டும் என்ன? பட்டணத்து அநாதை விடுதியில் வளர்ந்தவள் அவள். காலரா வருஷத்தில், இரண்டு வயதில், விடுதி வாசலில் யாரோ விட்டுப்போன பிள்ளை. தாய் யார், தகப்பன் யார், எந்த ஊர், எந்த ஜாதி, ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அவளுடைய வெளுத்த தோலையும் விடுதியில் பழகிய திருத்தமான பேச்சையும் பார்த்து, "ஐயரம்மா நம்மவங்க" என்று தெருப் பெண்களே முடிவு கட்டினார்கள். "யாரும் கேக்கல. நாமா எதுக்குச் சொல்லணும்?" என்றார் கணவர். அவளும் சொல்லவில்லை. நம்மவங்க என்ற அந்த வார்த்தை குளிர்ந்த நிழல்போல இருந்தது. அதில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவளை அறுத்தது பொன்னியம்மாவின் நினைவு.

பொன்னியம்மா பாரிவாக்கத்தில் நடவுக்கும் களைக்கும் போகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் புளியமரத்தடியில் மற்றவர்களெல்லாம் பாட்டுக் கேட்க வந்தபோது அவள் ஒரு கேள்வி கேட்க வந்தாள். "பூந்தமல்லி டீக்கடைல எங்களுக்குக் கொட்டாங்கச்சிலதான் ஊத்துறான். ஒங்க கோயில்ல இன்னா குடுக்குறீங்களோ, அத எதுல ஊத்துவீங்க?"

"ஒரே பாத்திரம். எல்லாருக்கும் அதுதான்."

"முதலியாருக்கும்?"

"முதலியாருக்கும்."

"நெசமாவா? சத்தியமா சொல்லு, ஐயரம்மா."

ராணி சத்தியம் செய்தாள். பாத்திரம் ஒன்றுதான் என்பது உண்மை; அது பாரிவாக்கத்துக்கு வந்ததே இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. பொன்னியம்மா ஞானஸ்நானம் பெற்றாள். எழுத்துத் தெரியாதவள், களை பறித்துக்கொண்டே பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்தாள். திருவிருந்துக்குத் தகுதியா என்று சோதித்த முதலியார் ஒரு வார்த்தை தப்பியதற்காக ஒருமுறையும், இருமியதற்காக ஒருமுறையும் அவளைத் தள்ளினார். மூன்றாம் தடவை தள்ளக் காரணம் அகப்படவில்லை. வருகிற ஞாயிறுதான் அவளுக்கு முதல் திருவிருந்து.

ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சுகளில் தெருக்காரர்கள், பின்னால் பாய்களில் பாரிவாக்கத்துக்காரர்கள். பொன்னியம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, துவைத்த புடவையில் வந்திருந்தாள். பெஞ்சுக்காரர்கள் முன்னே வந்து நீல விளிம்புக் கிண்ணங்களை எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். உடனே முதலியார் தம் கையாலேயே அந்தத் தட்டின்மேல் வெள்ளைத் துணியை மூடி ஒதுக்கி வைத்துவிட்டு, கோடில்லாத தட்டைத் திறந்தார். மிகவும் பக்தியாகச் செய்தார்.

பாய்க்காரர்களில் முதலில் வந்தவள் பொன்னியம்மா. கிண்ணத்தை எடுத்தாள். அதைப் பார்த்தாள், துணி மூடிய தட்டைப் பார்த்தாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராணியைப் பார்த்தாள். பிறகு ரசம் சிந்தாமல் கிண்ணத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"வேணா ஐயரே."

"ஏம்மா?" என்றார் தேவராஜ் ஐயர்.

"இது அந்த டீக்கடைதான். அங்க கொட்டாங்கச்சி, இங்க கண்ணாடி. இதுக்கா ரெண்டு வருசமா வாய் வலிக்கப் படிச்சேன்?"

"ஏய், கோயில்ல இன்னா பேச்சு!" என்று முதலியார் அதட்டினார். அவள் திரும்பி நடந்தாள். மற்றவர்கள் தயங்கித் தயங்கி வந்து தலைகுனிந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

போதகரின் மனைவி எல்லாருக்கும் கடைசியாக வருவது அங்கே வழக்கம். ராணி எழுந்து வந்தாள். அவளுக்காக முதலியார் நீலத் தட்டின் துணியைத் தூக்கினார்.

"இது எனக்கா, முதலியார்?"

"பின்ன யாருக்கும்மா?"

"நான் என்ன ஜாதின்னு உங்களுக்குத் தெரியுமா?"

முதலியாரின் கண்கள் படிப்பதற்கு எதையோ தேடின. கோயில் சுவரில் காலண்டர் இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள் ராணி. குரலை உயர்த்தவில்லை, அந்த நிசப்தத்தில் உயர்த்தத் தேவையில்லை. "ரெண்டு வயசுல அநாதை விடுதி வாசல்ல கிடந்தவ நான். முதலியாராவும் இருக்கலாம். பாரிவாக்கமாவும் இருக்கலாம். பன்னெண்டு வருஷமா நீங்க குடிச்ச ரசம் என் கையால பிழிஞ்சது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எந்தத் தட்டுல எடுக்கட்டும்?"

அவர் முகத்தில் பன்னிரண்டு வருஷம் ஓடுவதை அவள் பார்த்தாள். கிறிஸ்மஸுக்கு அவள் சுட்டனுப்பிய அதிரசங்கள், மகள் கல்யாணத்தில் அவள் பின்னிவிட்ட ஜடை, காய்ச்சலில் கிடந்த அவருக்கு அவள் வைத்த கஞ்சி, ஒவ்வொன்றும் அவர் தொண்டைக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. பிடித்திருந்த துணி விரல்களிலிருந்து நழுவி மறுபடியும் நீலத் தட்டை மூடியது. அடுத்த தட்டை அவர் காட்டவுமில்லை. காட்டினால் இத்தனை வருஷம் குடித்த ரசத்தையெல்லாம் அவர் என்ன செய்வார்?

ராணி குடிக்காமல் போய் உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் ஏதோ லேசாகவும் இருந்தது, வெகுநாள் இறுக்கியிருந்த ரவிக்கையை அவிழ்த்ததுபோல.

அன்று பிற்பகல் கமிட்டி அவள் வீட்டுக் கூடத்திலேயே கூடியது. வழக்கம்போல ஐந்து தம்ளரில் காப்பி கொண்டுபோய் வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து எடுக்கப் போனபோது ஐந்திலும் ஆடை படிந்திருந்தது. அவற்றை வாசல் முருங்கைக்கு ஊற்றினாள். காப்பியைப் பற்றி மரத்துக்கு ஆட்சேபணை இல்லை.

"என்ன தீர்மானம்?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் காகிதத்தை நீட்டினார். ஐயரம்மா அவர்களின் பன்னிரண்டு வருஷ ஊழியத்தைப் பாராட்டி, மரியாதைக்கு அடையாளமாக, தங்க விளிம்பு போட்ட தனிக் கிண்ணம் ஒன்று அவருக்கென்று வாங்குவதாக ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார்கள்.

ராணி அதை இரண்டு தடவை படித்தாள். நீலத்திலும் சேர்க்க முடியாமல், கோடில்லாததிலும் தள்ள முடியாமல், ஐந்து பெரிய மனிதர்கள் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு தங்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இத்தனை புதுமையாக யோசிக்கத் தெரிந்தவர்களா இவர்கள்! ஒரு கொட்டகை கட்டவோ, ஒரு பாட்டை மாற்றவோ இவர்களுக்கு ஒருநாளும் மூளை ஓடியதில்லையே.

"துரைகிட்டேருந்தும் கடிதாசி வந்திருக்கு" என்றார் தேவராஜ் ஐயர் மெதுவாக. "புதுக் கிண்ணத்தப் பத்தி முதலியார் எழுதியிருந்தாராம். பூந்தமல்லிச் சபை மாற்றத்துக்கு மனசத் தெறந்த சபை, மத்தவங்களுக்கு முன்மாதிரின்னு பாராட்டியிருக்கார்."

"ரசம்? அதை யார் காய்ச்சறது இனிமே?"

"அதப்பத்தித் தீர்மானம் இல்ல. வழக்கப்படி நீதான்." கொஞ்சம் தயங்கினார். "நான் கேட்டேன். கொதிக்க வெச்சா கிருமியெல்லாம் செத்துப்போயிடும்னார் முதலியார்."

ராணி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் கையிலுள்ள ஜாதி அடுப்பில் செத்துவிடும், உதட்டிலுள்ளது சாகாது. இரண்டு சேர் திராட்சையைக் கழுவிக் காய்ச்சிப் பிழிகிற வேலை வேறு எந்த வீட்டுக்கும் வேண்டாம் என்பதுதான் அந்த விஞ்ஞானத்தின் சூட்சுமம்.

புதன்கிழமை பாரிவாக்கத்துக்குப் போனாள். பொன்னியம்மா வரப்பில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தும் நிமிரவில்லை.

"அடுத்த மாசம் வா, பொன்னியம்மா."

"ஒங்களுக்கு இன்னாமோ தங்கக் கிளாசு வாங்கறாங்களாமே?" என்றாள் அவள். "ஊரே சொல்லிகினு கீது. எங்களுக்கு எப்ப வெள்ளி, எப்ப ஈயம்?"

"நான் உனக்குச் சத்தியம் பண்ணினேன்."

"பண்ணினே. நானும் நம்பினேன்."

"பாதிதான் சொன்னேன். அந்தப் பாத்திரம் இங்க வந்ததே இல்லன்னு சொல்லாம விட்டேன். அது என் தப்பு."

பொன்னியம்மா இப்போது நிமிர்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "இத்தினி வருசத்துல தப்புன்னு சொன்ன மொத ஆளு நீதான்" என்றாள். "வர்றேன். ஆனா கண்ணாடி கையில குடுத்தே, அங்கியே போட்டு ஒடச்சிடுவேன், ஆமா."

மாதக் கடைசியில் தங்க விளிம்புக் கிண்ணம் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை ராணி கடைத்தெருவுக்குப் போய் பஷீருதீன் கடையில் வழக்கமான திராட்சை வாங்கினாள். "கோயிலுக்குத்தானேம்மா?" என்று கேட்டு, அவர் எப்போதும்போல ஒரு பிடி அதிகம் போட்டார். எந்தக் கிண்ணத்துக்கு என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து காய்ச்சினாள், பிழிந்தாள், துணியில் வடிகட்டினாள். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்த பழைய வெள்ளிப் பாத்திரத்தை எடுத்துச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். தேவராஜ் ஐயர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அது எதுக்கு?"

"கறுத்துப்போச்சு."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "வீட்டக் காலி பண்ணச் சொல்வாங்க, ராணி. முதலியார் ஒரு கடிதாசி எழுதினாப் போதும்."

"தெரியும்."

"எங்க போவோம்?"

"தெரியாது." பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "எங்கேருந்து வந்தேன்னே தெரியாதவ நான். எங்க போறதுன்னு தெரியாததுக்கு இப்பப் பயந்தா எப்படி?"

அவர் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்தார். தடுக்கவில்லை. அவருடைய வீரம் அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

ஞாயிறு. மேஜைமேல் வழக்கம்போல வெள்ளைத் துணி மூடிய இரண்டு தட்டுகள். நடுவில் தங்க விளிம்புக் கிண்ணம், ஒரு சின்னக் கைக்குட்டையால் மூடப்பட்டு. அப்பம் கொடுத்தாயிற்று. முதலியார் முன்னே வந்து, பக்தியில் கண்ணை மூடியவாறே நீலத் தட்டின் துணியை விலக்கி, தமக்கானதை எடுத்தார். பின்னால் வந்தவர்களும் அவரைப்போலவே எடுத்தார்கள். முதலியார் கிண்ணத்தை உதட்டில் வைத்துச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். கண்ணைத் திறந்து கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"இன்னா ஐயரம்மா இது? ஒண்ணுமே இல்லியே!"

"நல்லாக் கழுவித்தான் வெச்சிருக்கேன், முதலியார்" என்றாள் ராணி, எழுந்து நின்று. "மூணு தடவை வெந்நீர்ல."

"ரசம் எங்க?"

அவள் பக்கத்து அறைக்குள் போய் வெள்ளிப் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தாள். விளிம்பு வரைக்கும் ரசம். கணவரின் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"கிண்ணத்துக்குத்தான் தீர்மானம் போட்டீங்க. ரசத்துக்குப் போடலியே. வழக்கப்படி இதுல ஊத்தினேன்."

தேவராஜ் ஐயர் பாத்திரத்தைப் பார்த்தார், முதலியாரைப் பார்த்தார். வீடு, சம்பளம், துரை, கடிதாசி எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை ராணி கண்டாள். மூச்சு வாங்க அவர் உட்காருவதற்கு இந்த இடத்தில் படி எதுவும் இல்லை. அவர் பாத்திரத்தைத் தூக்கினார். விளிம்பில் தளும்பி ஒரு துளி வெள்ளை அங்கியில் விழுந்து சிவந்து பரவியது. ஒவ்வொரு மாதமும் சொல்கிற "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்ற வார்த்தைகளை இந்தத் தடவை கேட்கிற மாதிரிச் சொன்னார்.

கூப்பிடுவதற்கு முன்பே பொன்னியம்மா பாயிலிருந்து எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்துவிட்டாள். அவர் பாத்திரத்தை அவள் உதட்டில் வைத்தார். மற்றவர்கள்போல உதட்டை மட்டும் நனைத்துக்கொள்ளாமல் ஒரு வாய் நிறையக் குடித்தாள்.

"இனிப்பாத்தான் கீது" என்றாள், ராணிக்கு மட்டும் கேட்கும்படி.

ஒருவர் குடித்தபின் விளிம்பைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது முறை. ராணி துடைக்க விடவில்லை, திருப்பவும் விடவில்லை. பொன்னியம்மா வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாள். அவளுக்குப் பின்னால் பாரிவாக்கத்துக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள்.

பெஞ்சுகளிலிருந்து யாரும் வரவில்லை. முதலியாரின் மனைவி தாட்சாயிணி மட்டும் பாதி எழுந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, புடவையைச் சரிசெய்ய எழுந்தவள்போல உட்கார்ந்துகொண்டாள்.

முதலியார் எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். திரும்பிப் போகவும் தோன்றவில்லை, அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கவும் முடியவில்லை. நீல விளிம்புக் கிண்ணம் இன்னும் அவர் கையில் இருந்தது. அது மிகவும் சுத்தமாக இருந்தது.